டெல்டாலேருந்து வீனஸ் காத்து வரைக்கும்: கோள்களோட வளிமண்டல ஆராய்ச்சிக்கு வெளிநாடு போக நினைக்கிறவங்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், "அண்ணா, பிளானட்டரி அட்மாஸ்பியர் படிக்கணும், எந்த காலேஜ்ல சேரட்டும்"னு யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ கேட்டுடுவாங்க. பதில் ஒண்ணுதான். அந்தப் பேர்ல தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எங்க தேடினாலும் டிகிரி கெடையாது, அதைத் தேடி சென்னை பெங்களூர்னு அலையவும் வேணாம், பேசாம பி.எஸ்சி. பிசிக்ஸ் எடுங்க, மேத்ஸ் கெடைச்சா மேத்ஸ், கெமிஸ்ட்ரி புடிக்கும்னா அதுவும் சரிதான், ஏற்கனவே இன்ஜினியரிங் சேந்துட்டீங்கன்னா அதுக்காக அழ வேண்டிய அவசியமும் இல்ல.

இன்ஜினியரிங்னு சும்மா சொல்லல. வீரபத்திரன் ராமநாதன் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க, உலகம் பூரா கிளைமேட் சயின்ஸ்ல பெரிய ஆளு, அவர் நம்ம சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்துல 1965ல இன்ஜினியரிங் முடிச்சவர். முடிச்சதும் செகந்திராபாத்ல ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனில வேலை, ஃப்ரிட்ஜுல இருக்குற கேஸ் எப்படி லீக் ஆகுதுன்னு பாக்குறது. அப்புறம் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., அங்கேருந்து அமெரிக்கால ஸ்டோனி புரூக், அங்க கைடு கோள்களோட வளிமண்டலம் பக்கம் திரும்பிட்டார், இவரும் அதுலயே எறங்கி 1974ல பி.ஹெச்.டி. வாங்குறார். அடுத்த வருஷமே, பழைய ஃப்ரிட்ஜ் கேஸ் இருக்கே சி.எஃப்.சி., அதுல ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடோட ஒரு மூலக்கூறை விட பத்தாயிரம் மடங்குக்கு மேல சூட்டைப் புடிச்சு வெக்கும்னு கணக்கு போட்டு பேப்பர் எழுதுறார். வீனஸுக்கும் மார்ஸுக்கும் போட்ட அதே வகை கணக்கு தான், நம்பரை மாத்தி பூமிக்கு போட்டார்.

நான் சொல்ற வழி அதையே திருப்பிப் போட்டது. முதல்ல நம்ம ஊரு காத்தைப் படிங்க, அது கைக்கு வந்ததும் கோளுக்கு போங்க. டெலஸ்கோப் வாங்கணும், நாசா டி-ஷர்ட் போடணும், அதெல்லாம் இருந்தா சந்தோஷம், ஆனா இந்தத் துறைல உள்ள போற கதவு அது இல்ல. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், கதிர்வீச்சு எப்படி ஒரு வாயு வழியா போவுதுங்கற கணக்கு, கொஞ்சம் ஒளி வேதியியல், இந்த நாலும் தான் கதவு.

வீனஸ்ல தரைல காத்தழுத்தம் நம்ம ஊரை விட 90 மடங்குக்கு மேல, சூடு 460 டிகிரி கிட்ட, மேகம் தண்ணி மேகம் இல்ல கந்தக அமில மேகம். அந்தக் கோள் தன்னைத்தானே ஒரு தடவை சுத்த 243 நாள் எடுத்துக்குது, ஆனா மேகத்து உச்சில காத்து மணிக்கு 360 கிலோமீட்டர் கிட்ட அடிச்சு நாலு நாள் சுமாருல கோளையே ஒரு சுத்து சுத்திடுது. 2018 நவம்பர் 16 விடியக்காலைல வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலைப் பாத்தவங்களுக்கு சொல்றேன், அதை விட ரெண்டு மடங்குக்கு மேல, அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எப்பவுமே. தரை மெதுவா சுத்துது, காத்து மட்டும் எப்படி இவ்ளோ வேகம்னு இன்னமும் முழுசா தீராத கேள்வி அது. மார்ஸ்ல தலைகீழ், காத்தழுத்தம் நம்ம ஊருல நூத்துல ஒரு பங்கு கூட வராது, குளிர் காலத்துல அந்தக் காத்துலயே ஒரு பகுதி துருவத்துல உறைஞ்சு பனியா உக்காந்துடும். அப்புறம் சனியோட நிலா டைட்டன், அங்க மீத்தேன் மழை, மீத்தேன் ஏரி. மீத்தேன்னு சொன்னாலே நம்ம ஊருல போராட்டப் பந்தல் தான் ஞாபகம் வரும், மன்னார்குடி பக்கம் டீக்கடைல கூட அந்த வார்த்தை தெரியாத ஆள் கெடையாது, நம்ம நடவு வயல் சேத்துலேருந்தும் அதே மீத்தேன் தான் வருது, அதனால இந்த மூலக்கூறு நமக்கு ஒண்ணும் அன்னியம் இல்ல.

சரி, இன்னிக்கே என்ன பண்ணலாம்? லேப்டாப் இருந்தா போதும், இல்லைன்னா காலேஜ் கம்ப்யூட்டர் லேப்.

காரைக்கால்ல வானிலைத் துறை பலூன் விடுறாங்க. ஹைட்ரஜன் அடைச்ச பலூன்ல ஒரு சின்ன டப்பா தொங்கும், அது மேல போக போக அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காத்து எந்தப் பக்கம் எவ்ளோ வேகம்னு ரேடியோல சொல்லிக்கிட்டே போவும். உலகம் பூரா ஒரே நேரக் கணக்குல விடுவாங்க, நமக்கு அது காலைல அஞ்சரை. அமெரிக்கால வயோமிங் பல்கலைக்கழகம் இந்த டேட்டாவையெல்லாம் வெப்சைட்ல இலவசமா வெச்சிருக்கு, காரைக்கால் ஸ்டேஷன் நம்பர் 43346. மே மாசத்துல ஒரு நாள், சம்பா நேரத்துல நல்லா மழை புடிச்ச நவம்பர்ல ஒரு நாள், ரெண்டையும் எடுங்க. பைத்தான் புரோகிராம்ல படிக்க வெச்சு, படுக்கை அச்சுல வெப்பம், நிக்கிற அச்சுல உயரம்னு கிராஃப் போடுங்க. தரைல இருவத்தாறு இருவத்தேழு டிகிரில கெளம்புற கோடு, அஞ்சு கிலோமீட்டர் கிட்ட சைபரைத் தொடும், பதினாறு பதினேழு கிலோமீட்டர்ல மைனஸ் எண்பது வரைக்கும் போயிட்டு, அங்கேருந்து திரும்பி சூடாக ஆரம்பிக்கும். அந்த முனை தான் டிரோபோபாஸ், நம்ம வயலுக்கு நேர் மேல.

இப்ப கணக்கு. ஒரு கிலோமீட்டர் ஏறினா எவ்ளோ டிகிரி குறையுதுன்னு பாத்தா ஆறரை சுமாருக்கு வரும். புத்தகக் கணக்கு என்ன சொல்லுது, ஈர்ப்பு முடுக்கத்தை காத்தோட தன் வெப்ப ஏற்புத்திறனால வகுத்தா கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. ஏன் இந்த வித்தியாசம்? ஈரம். மேல போற காத்துல இருக்குற நீராவி தண்ணியாகும்போது சூட்டை வெளில விடுது, அதனால அவ்ளோ சீக்கிரம் குளிரல. மே மாசக் கிராஃப்ல வெப்பக் கோடும் பனிநிலைக் கோடும் (எந்த வெப்பத்துல நீராவி தண்ணியாகும்ங்கறது, அதையும் அதே கிராஃப்ல போடுங்க) எவ்ளோ தள்ளித் தள்ளி நிக்குது, நவம்பர்ல எப்படி ஒட்டிக்கிட்டு போவுதுன்னு பாருங்க, அது புரிஞ்சா பாதி பாடம் முடிஞ்சுது. அடுத்து அதே வகுத்தலை மார்ஸுக்கு போடுங்க, 4.5 சுமாருக்கு வரும், ஆனா அங்க அளந்து பாத்தது 2.5 சுமார் தான், அங்க தண்ணி இல்ல, இந்தத் தடவை காரணம் தூசி, காத்துல மெதக்குற தூசி வெயிலை நேரா வாங்கி நடு உயரத்தை சூடாக்கிடுது. டைட்டன்ல ஈர்ப்பு கம்மிங்கறதால 1.3 வரும், அங்க ஈரம்னா மீத்தேன் ஈரம். ஒரே ஃபார்முலா, மூணு உலகம். இதை ரெண்டு பக்கத்துக்கு எழுதி, எழுதின புரோகிராமோட கிட்ஹப்ல (புரோகிராமை எல்லாரும் பாக்குற மாதிரி வெக்கிற வெப்சைட்) போட்டு வெச்சீங்கன்னா, நூத்துக்கு தொண்ணூறு மார்க் வாங்கின மார்க்‌ஷீட்டை விட வெளிநாட்டு புரொஃபசர் கண்ணுல அது முதல்ல படும்.

கஜா வந்த வாரத்தையும் எடுத்துப் பாருங்க, நடுவுல டேட்டா விட்டுப் போயிருந்தா பயப்படாதீங்க. ஓட்டை விழுந்த டேட்டாவை வெச்சுக்கிட்டு எது வரைக்கும் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்றது தான் இந்த வேலைல பாதி. காவலூர் வான் ஆய்வகத்துக் கதையே இருக்கே, 1972ல வியாழனோட நிலா கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ காவலூர்லேருந்தும் இந்தோனேசியாவுலேருந்தும் பாத்துட்டு, அதுக்கு மெல்லிசா ஒரு வளிமண்டலம் இருக்குன்னு பேப்பர் போட்டாங்க, 1979ல வாயேஜர் பக்கத்துல போய் பாத்தா அவங்க சொன்ன அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல. அதுக்காக காவலூர்காரங்களை யாரும் குறைச்சு பேசல, இருந்த டேட்டாக்கு அவங்க பண்ணது நல்ல வேலை.

பலூன் முடிஞ்சதும் நேரா கோள் டேட்டா. நாசாவோட பிளானட்டரி டேட்டா சிஸ்டம்ல வளிமண்டலத்துக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, இஸ்ரோ பிரதான்னு ஒரு தளம் வெச்சு சந்திரயான், மங்கள்யான் டேட்டா குடுக்குது, ஜப்பானோட அகாட்சுகி விண்கலம் எடுத்த வீனஸ் படம் எல்லாம் ஓப்பன். அந்த அகாட்சுகி 2010ல வீனஸை தவறவிட்டு சூரியனைச் சுத்தி அலைஞ்சு 2015 டிசம்பர்ல திரும்ப வந்து சேந்தது, 2024ல தொடர்பு அறுந்து போச்சு, ஆனா எடுத்த படங்கள்ல இன்னும் நிறைய பேர் தொடாதது கெடக்கு. பாரிஸ் காரங்க மார்ஸ் கிளைமேட் டேட்டாபேஸ்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, வெப்சைட்லயே இடம் நேரம் குடுத்தா மாடல் கணக்கு வந்துடும். ஆரம்பத்துக்கு எனக்கு புடிச்சது கியூரியாசிட்டி வண்டி மார்ஸ் தரைல அளந்த காத்தழுத்தம். ஒரு மார்ஸ் வருஷம், அதாவது 687 நாள், பூரா போட்டுப் பாருங்க, அழுத்தம் நாலுல ஒரு பங்கு கிட்ட ஏறி எறங்கும், துருவத்துல காத்து உறையுறது உருகுறது எல்லாம் அந்த ஒரு கோட்டுல தெரியும்.

படிப்பு வழியை வேகமா சொல்லிடுறேன், ஏன்னா இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். பி.எஸ்சி. ஊருலயே படிக்கலாம், அதுல ஒரு குறைச்சலும் இல்ல, கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூர் சரபோஜி, திருச்சி ஜோசப்ஸ் எதுவா இருந்தாலும் சரி. ரெண்டாவது வருஷத்துலேருந்து ஜாம் எக்ஸாமுக்கு படிங்க, அது எழுதி எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. மாதிரி இடத்துக்கு போங்க, இந்த ஒரு மாத்தம் தான் டெல்டா பசங்களுக்கு பெரிய மாத்தம், ஏன்னா ரிசர்ச் பண்ற ஆளுங்களை நேர்ல பாக்குறது அங்க தான். வீட்டைவிட்டு தூரம் போக முடியாதவங்களுக்கு திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்துலயே இருக்கு. பைத்தான் கட்டாயம், லினக்ஸ் கட்டாயம், ஃபோர்ட்ரான்னா சிரிக்காதீங்க, பெரிய பெரிய கிளைமேட் மாடல் இன்னும் அதுல தான் ஓடுது. பாடத்துல இல்லாததுக்கு என்.பி.டெல். ஆன்லைன் வகுப்பு இருக்கு, காசு இல்லாம.

இதை விட முக்கியம் சம்மர். இந்திய அறிவியல் அகாடமிகள் மூணும் சேந்து சம்மர் ஃபெல்லோஷிப் குடுக்குறாங்க, அகமதாபாத் பி.ஆர்.எல். (இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம்), பெங்களூர் ஐ.ஐ.ஏ. (வான் இயற்பியல் நிறுவனம்) மாதிரி இடங்கள்லயும் ஸ்டூடண்ட் புரோக்ராம் நடக்கும். இந்த நியூஸ் எல்லாம் நம்ம பக்கம் வர்றது மேட்டூர் தண்ணி கடைமடைக்கு வர்ற மாதிரி தான், வந்து சேரும்போது கடைசி தேதி முடிஞ்சிருக்கும், அதனால நவம்பர் பொறந்ததுமே நீங்களா போய் ஒவ்வொரு வெப்சைட்டா பாத்துடுங்க. ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ரெகமண்டேஷன் லெட்டர். வெளிநாட்டு பி.ஹெச்.டி.க்கு மூணு லெட்டர் கேப்பாங்க, நம்ம காலேஜ் சார் பாசத்தோட "நல்ல பையன், ஒழுக்கமானவன், தவறாம வகுப்புக்கு வருவான்"னு எழுதிக் குடுப்பார், அதை வெச்சு அங்க யாரும் எதையும் முடிவு பண்ண முடியாது. ரெண்டு மாசம் கூட உக்காந்து வேலை பாத்த ஒரு விஞ்ஞானி, "இந்தப் பொண்ணு இந்த டேட்டாவை தானா சரி பண்ணுச்சு, நான் சொன்னதுல ஒரு தப்பைக் கண்டுபுடிச்சுது"ன்னு எழுதினா அது தான் லெட்டர். காலேஜ் சார் கிட்டயும் கேளுங்க, ஆனா நீங்க பண்ணின புராஜெக்ட் விவரத்தை ஒரு பக்கம் எழுதி கைல குடுத்துட்டு கேளுங்க, சந்தோஷமா சேத்து எழுதுவாங்க.

எங்க போறது? அமெரிக்கால மிச்சிகன், சுஷில் அத்ரேயா அங்க தான், வியாழன்லேருந்து மார்ஸ் வரைக்கும் எத்தனையோ மிஷன்ல இருந்தவர். விஸ்கான்சின்ல சஞ்சய் லிமாயே பல வருஷமா வீனஸ் மேகத்தையே பாத்துக்கிட்டிருக்கார். அரிசோனா, கொலராடோ போல்டர் ரெண்டும் இதுக்கு பேர் போன இடம். இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டுல பூமி வளிமண்டலம், கடல், கோள் மூணும் ஒரே பிரிவு, நான் மேல சொன்ன வழிக்கு அதை விட சாட்சி வேணுமா. கேம்பிரிட்ஜ்ல நிக்கு மதுசூதன், வாரணாசி ஐ.ஐ.டி.ல பி.டெக்., எம்.ஐ.டி.ல பி.ஹெச்.டி., வேற நட்சத்திரத்தைச் சுத்துற கோள்களோட காத்தைப் பாக்குறவர், அவர் கே2-18பி கோள்ல உயிர் அறிகுறி இருக்கலாம்னு சொன்னது மேல பெரிய சண்டையே ஓடிக்கிட்டிருக்கு, அந்தச் சண்டைப் பேப்பர்களைப் படிச்சாலே ஸ்பெக்ட்ரம்லேருந்து எதை எவ்ளோ நம்பலாம்னு நல்லா வெளங்கும். பிரான்ஸ்ல பாரிஸ், பெல்ஜியம்ல பிரஸ்ஸல்ஸ், ஜெர்மனில கோட்டிங்கன், ஜப்பான்ல அவங்க விண்வெளி நிறுவனம் ஜாக்சா. என்னைக் கேட்டா அமெரிக்கா மட்டுமே கண்ணா இருக்க வேணாம். நம்ம மூணு பிளஸ் ரெண்டு வருஷப் படிப்பு ஐரோப்பாக்கு அப்படியே பொருந்தும், அங்க பல நாட்டுல பி.ஹெச்.டி.ங்கறது ஒரு வேலை, ஒப்பந்தம் போட்டு சம்பளம் குடுப்பாங்க, யூராக்சஸ் தளத்துல வேலை விளம்பரம் மாதிரியே போடுவாங்க. ஜெர்மனில படிக்கப் போறவங்க ஏ.பி.எஸ். சர்ட்டிபிகேட் (நம்ம மார்க்‌ஷீட் எல்லாம் சரியானதுன்னு சரிபாத்து குடுக்குறது) விஷயத்தை முன்னாடியே பாத்துக்கணும், ஜப்பானுக்கு அந்த அரசாங்கத்தோட மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப், சென்னைல இருக்குற ஜப்பான் துணைத் தூதரகம் வழியா.

மெயில் எழுதுறது ஒரு தனிக் கலை. "ரெஸ்பெக்டட் சார், சின்ன வயசுலேருந்து விண்வெளி மேல தீராத ஆசை"ன்னு ஆரம்பிக்கிற மெயில் அவங்களுக்கு தினமும் வருது, ஒரே மெயிலை அம்பது பேருக்கு அனுப்பினது படிச்சதும் தெரிஞ்சுடும். நாலு பத்தி வேணாம், ஆறேழு வரி போதும். நான் யாரு, எங்க படிக்கிறேன், ஒரு வரி. உங்களோட இந்தப் பேப்பர்ல இந்தப் படத்துல வீனஸ் காத்து வேகம் மத்தியான நேரத்துல ஏன் இப்படி மாறுதுன்னு பாத்தேன், அதையே அகாட்சுகி டேட்டால இன்னொரு வருஷத்துக்கு போட்டுப் பாத்தேன், இப்படி வந்துது, லிங்க் இது. அடுத்த வருஷம் ஸ்டூடண்ட் எடுக்குறீங்களா? முடிஞ்சுது. ஆகஸ்ட் செப்டம்பர்ல அனுப்புங்க, ஏன்னா அமெரிக்கா அப்ளிகேஷன் பெரும்பாலும் டிசம்பர்ல மூடிடும். பதில் வரலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேணாம். அப்ளிகேஷன் ஃபீஸ் ஒவ்வொண்ணுக்கும் ஆயிரக்கணக்குல வரும், ஃபீ வேய்வர், அதாவது கட்டணத் தள்ளுபடி, கேளுங்க, கேக்குறதுக்கு வெக்கப்படாதீங்க, நிறைய இடத்துல குடுக்குறாங்க.

காசு பத்தி தெளிவா ஒண்ணு. இந்தத் துறைல பி.ஹெச்.டி.க்கு நீங்க காசு கட்டக் கூடாது, அவங்க தான் உங்களுக்கு குடுக்கணும். அமெரிக்கால டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி ஆகி மாசா மாசம் ஸ்டைபெண்டும் வரும், அதுக்கு பதிலா பாடம் எடுக்கவோ ரிசர்ச் வேலையோ பண்ணணும். திருச்சியோ தஞ்சாவூரோ, கன்சல்டன்சில போய் உக்காந்தீங்கன்னா "முதல்ல காசு கட்டி எம்.எஸ். போங்க, அங்க போய் மாத்திக்கலாம்"னு சொல்லி லோன் ஃபார்மை நீட்டுவாங்க, அவங்களுக்கு கமிஷன் அதுல தான். நிலத்தை அடமானம் வெச்சு வீனஸ் படிக்கப் போகாதீங்க, சத்தியமா சொல்றேன். பிளஸ் டூல போர்டு அளவுல முதல் ஒரு சதவீதத்துக்குள்ள வந்து பி.எஸ்சி. சேருறவங்களுக்கு இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் இருக்கு, வருஷத்துக்கு 80,000 ரூபா, இதைப் பத்தி பள்ளிக்கூடத்துல யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்களே பாத்து போடுங்க.

பேர் விஷயம், இதை யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, அப்புறம் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. நமக்கு குடும்பப் பேர் கெடையாது, இனிஷியல் தான். மார்க்‌ஷீட்ல கே. செந்தமிழ்னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு எழுதியிருப்பாங்க, டோஃபல் இங்கிலீஷ் எக்ஸாம்ல வேற மாதிரி. பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேரை சர்நேம் எடத்துல போட்டு கிவன் நேமை காலியா விட்டீங்கன்னா அமெரிக்க விசால முதல் பேர் எடத்துல எஃப்.என்.யூ.ன்னு அடிச்சுடுவாங்க, அதாவது முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம், அப்புறம் பேங்க், சம்பளம், டிரைவிங் லைசென்ஸ் எல்லாத்துலயும் நீங்க ஃபுனு தான். தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு போறதுக்கு முன்னாடியே இனிஷியலை விரிச்சு ரெண்டு கட்டமும் நெரம்புற மாதிரி முடிவு பண்ணுங்க, அதே பேரை எல்லா எக்ஸாமுக்கும் குடுங்க, முதல் பேப்பர் போடும்போதும் அதே பேர், ஆர்கிட் நம்பரும் (ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணா குடுக்குற அடையாள எண்) எடுத்துடுங்க, கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்துற யோசனை இருக்குற பொண்ணுங்க இதை இன்னும் கவனமா பாருங்க. டிரான்ஸ்கிரிப்டுக்கும் முன்னாடியே எழுதிப் போடுங்க, என்னோடது பல்கலைக்கழக ஆபீஸ்ல ஒரு டேபிள்லேருந்து அடுத்த டேபிளுக்கு நகர்றதுக்குள்ள குறுவை நட்டு அறுத்தே முடிச்சுட்டாங்க.

வீட்டுல கேப்பாங்க, இதைப் படிச்சா வேலை கெடைக்குமான்னு. ஏமாத்தாம சொல்லணும்னா, நிரந்தரப் பேராசிரியர் வேலை கம்மி, பி.ஹெச்.டி. அஞ்சு வருஷம், அதுக்கப்புறம் போஸ்ட்டாக்னு சொல்ற தற்காலிக ஆராய்ச்சி வேலைல ரெண்டு ரெண்டு வருஷமா ஊர் ஊரா மாறணும், முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நிலையா ஓரிடம்னு சொல்ல முடியாது. நடுவுல வெளில வந்தாலும் நஷ்டம் இல்ல, இதே கணக்கும் புரோகிராமும் தெரிஞ்சவங்களை வானிலை மாடலிங், சாட்டிலைட் டேட்டா, காத்தாலை சூரிய மின்சாரக் கம்பெனிங்க எடுத்துக்கும். பெண் பிள்ளைங்கன்னா "அதுக்குள்ள கல்யாணம்"னு ஒரு பேச்சு வரும், அதுக்கு நான் வழி சொல்ல முடியாது, ஆனா சம்பளத்தோட வர்ற ஆஃபர் லெட்டரை அப்பா கைல குடுத்தா பேச்சோட தொனி மாறினதை நிறைய வீட்டுல பாத்திருக்கேன்.

திரும்பி வர்ற வழியும் முன்ன மாதிரி இல்ல. மங்கள்யான்லயே மார்ஸோட மேல் வளிமண்டலத்தை அளக்க மென்கான்னு ஒரு கருவி போச்சு, திருவனந்தபுரத்துல இஸ்ரோவோட விண்வெளி இயற்பியல் ஆய்வகம் தான் அதைப் பண்ணுச்சு. 2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய்க்கு வீனஸ் ஆர்பிட்டருக்கு ஒப்புதல் குடுத்திருக்கு, 2028 மார்ச்ல ஏவுறதா திட்டம். இப்ப பிளஸ் டூ முடிக்கிறவங்க எம்.எஸ்சி., பி.ஹெச்.டி.ன்னு போறப்போ அந்த டேட்டா எறங்கிக்கிட்டிருக்கும், அதைப் பிரிச்சுப் படிக்க ஆள் வேணும். அதனால வெளிநாட்டுல இருக்கும்போதே பி.ஆர்.எல்., திருவனந்தபுரம் ஆய்வகம், ஐ.ஐ.எஸ்.டி. (விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) காரங்களோட ஒரு பேப்பராவது சேந்து எழுதப் பாருங்க, கான்ஃபரன்ஸ்ல பாத்தா நீங்களா போய் பேசுங்க, இந்தியால ஃபேகல்டி வேலைக்கு வயசு வரம்பு பாப்பாங்க, மூணாவது போஸ்ட்டாக் முடியட்டும்னு காத்திருக்காம ரெண்டாவதுலயே அப்ளை பண்ண ஆரம்பிச்சுடுங்க.